யாரைக் கேட்டுத் திறந்தீர்கள்

பாலக்கரை,
18-1-1965

வெள்ளைச்சாமி சார்,

நலமா என்று கேட்கப்போவதில்லை.

நேற்றுக் காட்டூர் கல்யாணத்தில், கிட்டாருக்குச் சத்தம் கூட்டும் நம் பெட்டி வேறு யாருடைய பெட்டியாகவோ இருந்தது. ஹவாய் கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டு, வால்வு சூடேறக் காத்திருந்து, உருக்குக் கட்டையைக் கம்பியில் வைத்து முதல் இழுப்பு இழுத்தேன். சுத்தமாக வந்தது. கழுவித் துடைத்துக் கவிழ்த்த டம்ளர் மாதிரி. ஒரு பக்கம், குழுவை நடத்தும் தைரியராஜ் அண்ணனின் டிரம்பெட். பின்னால் அடைக்கலம் அண்ணனின் டிரம். இரண்டுக்கும் நடுவில் அந்தச் சத்தம் முதல் வரிசைக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

முன்பு போய்ச் சேர்ந்தது. இதே பெட்டிதான், இதே நாலு வாட்தான். ஓங்கி அடித்தால் சத்தத்தின் ஓரம் கிழியும். அந்தக் கிழிசல் டிரம்பெட்டைத் தாண்டிப் போகும். பந்திக்கு எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் தைரியராஜ் அண்ணன் என் பக்கம் குனிந்தார். "ஏம்மா மேரி, வாசிக்கிறியா, இல்ல ஃபேனுக்குக் கீழ எடம் பாத்து உக்காந்திருக்கியா?" அது மைக்கிலும் விழுந்தது. முன்வரிசை சிரித்தது. மாப்பிள்ளைகூடச் சிரித்தார்.

முடிந்த பிறகு அடைக்கலம் அண்ணனைக் கேட்டேன். "நீதானே பாப்பா குடுத்து அனுப்பின? சார் ரெண்டு நாள் வச்சிருந்து குடுத்தாரு. நல்லாப் பண்ணியாச்சுன்னு சொல்லுங்கன்னாரு" என்றார். விட்டுப்போன ஒயர் நுனி ஒன்றைப் பற்றவைக்கத்தான் அனுப்பினேன். நல்லாப் பண்ண அனுப்பவில்லை.

யாரைக் கேட்டுத் திறந்தீர்கள்?

பெரிய கடைவீதிப் பழைய சாமான் கடையில் அந்தச் செத்த ரேடியோவுக்கு நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நின்று பேரம் பேசினோம். கடைசியில் சேர்ந்து வாங்கினோம். வேலை உங்களுடையது, வாசிப்பு என்னுடையது என்று பேச்சு. ரேடியோவின் குடலை உருவிக் கிட்டார் பெட்டியாக்கியது நீங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் அது என் தொண்டை. கையை விடும் முன் என்னைக் கேட்கவேண்டும்.

ஈஸ்டர் முடிந்து வரும் முதல் கச்சேரி வரை எனக்குத் தவணை கொடுத்திருக்கிறார் தைரியராஜ் அண்ணன். அப்போதும் சத்தம் கேட்கவில்லை என்றால் குழுவில் என் நாற்காலி ஓர் அக்கார்டியன்காரருக்கு. ஆள் பேசி வைத்தாகிவிட்டது. பெயர் தெரியாதாம். நல்ல சத்தமாம்.

உங்கள் அறைக்கு வந்தால் வீட்டுக்காரர் கேள்வி கேட்பார். நீங்கள் சாயங்காலம் உட்காரும் ரேடியோ கடைக்கு வந்தால் நான் கத்திவிடுவேன். ஆகவே கடிதம்.

பழையபடி ஆக்கித் தாருங்கள்.

இருதயமேரி


ஸ்ரீரங்கம்,
22-1-1965

மேரி டீச்சருக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நன்றி என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடி, இரண்டாவது முறை.

பெட்டி இருந்த நிலை. முதல் வால்விலிருந்து கடைசி வால்வுக்குச் சத்தத்தைக் கடத்தும் கண்டென்சர் கசிந்துகொண்டிருந்தது. வரக்கூடாத மின்சாரம் வந்து, கடைசி வால்வின் தகடு செக்கச் சிவந்து நின்றது. நீங்களும் பார்த்தீர்கள். அழகாக இருக்கிறது என்றீர்கள். அது காய்ச்சல். இன்னும் சில கச்சேரிகளில் வால்வு போயிருக்கும். கூடவே டிரான்ஸ்பார்மரும்.

கண்டென்சரை மாற்றினேன். வெளியே போகும் சத்தத்தில் ஒரு துளியைப் பிடித்து மறுபடி உள்ளே அனுப்பி, பெட்டி தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும்படி ஓர் இணைப்பும் கொடுத்தேன். ஸ்பீக்கரின் காகிதத்தை எலி கடித்திருந்தது. மெல்லிய தாள் ஒட்டினேன். அதை யாரும் கேட்கவில்லை. சும்மா செய்தேன்.

பகலில் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். முன்பு அலையின் தலை வெட்டுண்டு தட்டையாக இருந்தது. இப்போது முழு வளைவு. உள்ளே போவது அப்படியே வெளியே வருகிறது.

நீங்கள் கேட்பது, தவறைத் திருப்பிக் கொடு என்பது.

நான் பச்சைமலை அடிவாரத்துக்காரன். எங்கள் ஊருக்கு இன்னும் கரண்டு வரவில்லை. வகுப்பில் மற்றவன் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் அந்தக் கணக்கு தப்பு. நான் போட்டால் என் ஊர் தப்பு, என் அப்பா தப்பு, எனக்கு இடம் கொடுத்தவர் தப்பு. தப்பில்லாமல் இருப்பது ஒன்றுதான் என் கையிருப்பு. அதை ஒரு கல்யாண வீட்டுக்காக விட முடியாது.

இன்னொன்று. காட்டூரில் யாரோ கேட்டதற்கு, 'ஸ்ரீரங்கத்துல ஒரு மெக்கானிக் செஞ்சது' என்று சொன்னீர்களாம். அடைக்கலம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

வெள்ளைச்சாமி, எம்.எஸ்ஸி.


பாலக்கரை,
8-2-1965

எம்.எஸ்ஸி. அவர்களுக்கு,

தெருவில் இந்தி எதிர்ப்பு ஊர்வலம், கல்லெறி, போலீஸ். பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். உங்களுக்குப் பதில் எழுத நேரம் நிறைய இருந்தது. கோபம் ஆறட்டும் என்று வைத்திருந்தேன். ஆறவில்லை.

முதலில் மெக்கானிக். கேட்டவர் பெண் வீட்டுப் பெரியவர். "இது யாரும்மா செஞ்சு குடுத்தது?" காலேஜில் வேலை பார்க்கும் ஒருவர் என்று சொன்னால் அடுத்த கேள்வி, எந்தக் காலேஜ். அதற்கடுத்தது, உனக்கு எப்படிப் பழக்கம். மெக்கானிக் என்றால் கேள்வி அங்கேயே நின்றுவிடும். மேடையில் உட்காரும் பெண் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் மரியாதையில் ஒரு கீறல் விழுந்தது மட்டும் தெரிகிறது.

உங்கள் ஊரைப் பற்றி எழுதியதைப் படித்தேன். ஆனால் ஒன்று. வகுப்பில் உங்களுக்குச் செய்ததைத்தான் நீங்கள் என் பெட்டிக்குச் செய்திருக்கிறீர்கள். கரகரக்கிறதா, தப்பு. எங்கிருந்து வந்ததோ அதையெல்லாம் துடை. அதையும் சும்மா செய்.

போன வாரம் தென்னூரில் கச்சேரி. என் நாற்காலி டிரம்முக்குப் பின்னால் போய்விட்டது. முன்னால் நான் இருந்த இடத்தில் மைக் ஸ்டாண்ட். அடைக்கலம் அண்ணன் முதுகைப் பார்த்தபடி முழுக் கச்சேரியும் வாசித்தேன். "பாப்பா, நீ வாசிக்கிறது எனக்கு நல்லாக் கேக்குது" என்றார் ஆறுதலாக. அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன், பார்த்தேன் என்கிறீர்களே. கேட்டீர்களா?

இருதயமேரி


ஸ்ரீரங்கம்,
20-2-1965

மேரி டீச்சருக்கு,

கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஸ்பீக்கரை மாட்டுவதில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் அதே அளவு ரெசிஸ்டன்ஸ் ஒன்றை மாட்டுவோம். சத்தமாக வெளிவர வேண்டியது சூடாகிப் போய்விடும். அடுத்த அறையில் வகுப்பு நடக்கும். அதைக் கெடுக்கக்கூடாது. அளவெடுக்கக் காது தேவையில்லை. காது ஆளுக்கு ஆள் மாறும்.

இதை ஒரு குறையாக நீங்கள் கேட்டீர்கள் என்று தெரிகிறது. எனக்கு இது குறையில்லை. வழக்கம்.

பழைய கண்டென்சர் இல்லை. எறிந்துவிட்டேன். இருந்தாலும் தரமாட்டேன்.

என் பெட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கடிதத்தில் நம் பெட்டி என்று இருந்தது.

என் வகுப்பைப் பற்றி நீங்கள் எழுதிய வரி. அதை எழுதியிருக்க வேண்டாம். நான் சொன்னதை எடுத்து என்மேலேயே எறிந்தீர்கள். கடைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒருவர் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்து, "கரகரன்னு கேக்குது தம்பி, சரி பண்ணிக் குடுங்க" என்றார். ஊரில் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் வேறு.

பெட்டி நன்றாக இருக்கிறது. வாசிப்பைக் கூட்டுங்கள்.

வெள்ளைச்சாமி


பாலக்கரை,
12-3-1965

சார்,

'வாசிப்பைக் கூட்டுங்கள்' என்ற வரியை மட்டும் கத்தரித்து எடுத்து அடுப்பில் போட்டேன். மிச்சக் கடிதம் பத்திரமாக இருக்கிறது. பதில் சொல்லித் தீர்க்க வேண்டியவை அதில் இன்னும் இருக்கின்றன.

தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் பாட்டில்லை. ரேடியோ இல்லை. கிட்டார்மேல் அம்மா ஊதாத் துணியைப் போர்த்திவிட்டாள், கோயிலில் மாதா சுரூபத்துக்குப் போர்த்துவதுபோல. குழுவுக்கும் கச்சேரி கிடையாது. எனக்கு இருக்கும் நாட்கள் இவைதான். வாசிக்க இடமில்லாத நாட்களும் இவைதான்.

எனவே சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிட்டாரைப் பின்வாசல் வழியாகக் கடத்தி, அப்துல் சலாம் பாயின் சவுண்ட் சர்வீஸ் கிடங்குக்குப் போகிறேன். சிலுவைப்பாதை என்று சொன்னது முழுப்பொய்யும் இல்லை. பாய் முதல் நாள் சிரித்தார். "எங்க நோம்பு முடிஞ்சு பெருநாளும் ஆச்சு. இப்ப உங்க நோம்பாம்மா? வாசிங்க, இந்தப் பக்கம் தடை ஒண்ணும் இல்ல." கிடங்கில் இருக்கும் எதை வேண்டுமானாலும் மாட்டிப் பார்க்க விட்டார். மாட்டினேன்.

கல்யாணத்துக்கு மரத்தில் கட்டும் குழாய், அதற்கு முப்பது வாட் பெட்டி. கிட்டாரை அதில் செருகினேன். தெருக்கோடி வரை கேட்டது. ஆனால் கிட்டாராக இல்லை. ஓட்டுக் கேட்டு வரும் வேனில் யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுவது மாதிரி. பாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "இதுக்கு நீங்க வாயாலயே பாடலாம்மா" என்றார்.

அடுத்தது ஒரு கிராமபோன் பெட்டி. சின்ன வால்வு. மெல்லத் தொட்டால் இனிப்பு. ஓங்கி அடித்தால் மூச்சடைத்துப் படுத்துக்கொள்கிறது. கல்யாண வீட்டில் பாயசம் ஊற்றும் சத்தத்துக்குக்கூடத் தாங்காது.

மூன்றாவது, பழுது பார்க்க வந்திருந்த டூரிங் டாக்கீஸ் பெட்டி. இதில் கிழிந்தது. நம்பிக்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அது எப்போதும் கிழிந்தது. விரலால் தடவினாலும் கிழிந்தது. கோபக்காரன் வீட்டில் கோபத்துக்கு என்ன மதிப்பு?

நம் பெட்டி (உங்கள் கணக்குக்காக 'நம்' என்றே எழுதுகிறேன்) என் கைக்குக் கட்டுப்பட்டது. மெல்ல என்றால் மெல்ல. நான் பல்லைக் கடித்தால் அதுவும் பல்லைக் கடிக்கும். எனக்குக் கோபம் வரும்போது கோபமாக ஒலித்த ஒரே பொருள் அதுதான். வீட்டில் கோபப்பட்டால் அம்மா ஜெபமாலையை எடுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் கோபப்பட்டால் தலைமை சிஸ்டர் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பார்.

வால்வு சாகவேண்டும் என்று கேட்கவில்லை. காய்ச்சல் இல்லாமல் அந்தக் குரல் வேண்டும். முடியுமா? முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். எம்.எஸ்ஸி.யைச் சேர்த்து எழுதவேண்டாம்.

பெட்டியை அடைக்கலம் அண்ணனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இந்த முறை என்னைக் கேட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். திறங்கள்.

இருதயமேரி


ஸ்ரீரங்கம்,
27-3-1965

மேரி டீச்சருக்கு,

முடியும்.

கல்லூரி திறந்துவிட்டது, மற்ற நாட்களில் வகுப்பு. ஆனால் ஆய்வுக்கூடச் சாவி என்னிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன்.

திருத்தும் இணைப்பை எடுத்துவிட்டேன். முதல் வால்வின் பெருக்கத்தை ஏற்றினேன். கடைசி வால்வுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்தேன். சீக்கிரம் மூச்சு வாங்கும், ஆனால் சிவக்காது. நாலு வாட் மூன்றாகியிருக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

முன்பு ஆசிலாஸ்கோப் கண்ணாடிமேல் மெல்லிய தாள் வைத்துப் பழைய அலையை வரைந்து வைத்திருந்தேன். தவறு எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குக் காட்ட. அந்தத் தாளைப் புதிய அலைமேல் வைத்துப் பார்த்தேன். முடி அளவுகூட விலகவில்லை.

ஒரு தவறை இவ்வளவு கவனமாக நான் செய்ததில்லை. செய்யும்போது கை கூசியது. இரண்டு முறை எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்ததற்குக் காரணம் நீங்கள் இல்லை. முடியாது என்று எழுத மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் கேட்டார்: "அதென்னய்யா, கழட்டுறதும் மாட்டுறதுமா? உருப்படியா ஒரு பொண்ணப் பாத்துக் கல்யாணம் பண்ணிக்கக் கூடாதா?"

அடைக்கலத்திடம் கொடுத்திருக்கிறேன். இனியும் குறை என்றால், குறை காதில்.

வெள்ளைச்சாமி


பாலக்கரை,
6-4-1965

சார்,

இல்லை. அது இல்லை.

சண்டைக்காகச் சொல்லவில்லை. கிடங்கில் வைத்து ஒரு மத்தியானம் முழுவதும் வாசித்துப் பார்த்தேன். முன்பைவிட நெருங்கியிருக்கிறது. ஓங்கி அடித்தால் தடிக்கிறது. ஆனால் கிழியவில்லை. போர்வைக்குள் சண்டை போடுவதுபோல இருக்கிறது. படம் பொருந்திவிட்டது, சத்தம் பொருந்தவில்லை. பாய்கூட, "பெட்டியில ஒண்ணும் இல்லம்மா, நீங்கதான் நோம்புல தெம்பில்லாம வாசிக்கிறீங்க" என்றார். நீங்கள் இருவரும் கூட்டணி.

கோபத்தில் திருப்புளியை வாங்கி நானே ஸ்பீக்கரைக் கழற்றினேன். ஆமாம், உங்களைக் கேட்கவில்லை. பாயின் டாக்கீஸ் பெட்டியை நம் ஸ்பீக்கரோடு சேர்த்தேன். கிழிசல் பாதியாகிவிட்டது. நம் பெட்டியைப் பாயின் பழைய ஸ்பீக்கர் ஒன்றோடு சேர்த்தேன். அது ஓரத்தில் நைந்த ஸ்பீக்கர். கொஞ்சம் கிழிந்தது! மறுபடி மாற்றினேன். மறுபடி. அப்போதுதான் உங்கள் ஜனவரிக் கடிதம் ஞாபகம் வந்தது. எலி. மெல்லிய தாள். சும்மா செய்தது.

பஞ்சை நனைத்து நீங்கள் ஒட்டிய தாளை ஊறவைத்தேன். உரிந்து வந்தது. அடியில் எலி கடித்த வாய். பிறைபோல, என் கட்டைவிரல் நீளம். ஸ்பீக்கரை மாட்டி, சுவிட்சைப் போட்டு, தடித்த கம்பியை ஓங்கி அடித்தேன்.

பாய் உள்ளேயிருந்து ஓடிவந்தார். ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்துவிட்டார்.

வந்துவிட்டது, சார். இன்னொன்று எழுதவேண்டும். எழுதப் பிடிக்கவில்லை. பழைய சத்தத்தைவிட இது நன்றாக இருக்கிறது. முன்பு கிழிசல் மட்டும்தான் இருந்தது. இப்போது கிழிசலுக்கு அடியில் ஒரு பாரம் இருக்கிறது, நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த வேலை. பாதி எலியின் கைவண்ணம், பாதி உங்களுடையது. எலிக்கு நன்றி சொல்ல வழியில்லை. உங்களுக்குச் சொல்ல இன்னும் மனமில்லை.

ஏனென்றால் மூன்று மாதம் போனது எதனால்? ரெசிஸ்டன்ஸை எலி கடிக்காது, சார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஸ்பீக்கரை மாட்டி, எதிரே உட்கார்ந்து, 'வாசிங்க டீச்சர், கேட்கிறேன்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரு பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து வாங்கினோம். அது பேசி நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

25-ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம் பொன்மலையில் ஒரு கல்யாண வரவேற்பு. ஈஸ்டருக்குப் பிறகு முதல் கச்சேரி. வாருங்கள் என்று அழைக்கவில்லை. தேதியைச் சொன்னேன்.

இருதயமேரி


ஸ்ரீரங்கம்,
26-4-1965

மேரி டீச்சருக்கு,

வந்தேன். மேடைக்கு இடப்பக்கம் சுவரோரம் நின்றேன்.

உங்கள் நாற்காலியில் அக்கார்டியன்காரர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல். கிட்டார் மடியில் நிற்காமல் வழுக்கியது. முழங்காலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டீர்கள். பெட்டிக்கு முன்னால் மைக் இல்லை. சலாம் பாய் கொண்டுவந்து வைக்கப் போனார். தைரியராஜ் கையைக் காட்டித் தடுத்தார்.

முதல் பாட்டில் நீங்கள் சும்மா இருந்தீர்கள். இரண்டாவதிலும். மூன்றாவது பாட்டின் நடுவில், டிரம்பெட் மூச்சு வாங்கிய இடத்தில், தடித்த கம்பி.

அதற்கு எனக்குச் சொல் தெரியவில்லை. சாய்ந்து நின்ற சுவர் வழியாக முதுகில் தெரிந்தது.

முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஏய், ரேடியோ வெடிச்சிருச்சுடா!" கூட்டம் சிரித்தது. தைரியராஜ் நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு அடுத்த இழுப்பு இழுத்தீர்கள். அடைக்கலம் மட்டும் டிரம்மை விடவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

"நிறுத்தும்மா! கல்யாண வீட்டுல என்ன எழவு சத்தம் இது? செட்டு கெட்டுப்போச்சுன்னா கைய எடுக்க வேண்டியதுதானே!" என்று கத்தினார் தைரியராஜ்.

"செட்டு கெடலண்ணே" என்றீர்கள். வாசித்துக்கொண்டே.

அவர் மேடையிலிருந்து குதித்து வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

வால்வு உடனே ஆறுவதில்லை. உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்களில் கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருக்கும். மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கரும்பலகையில் வளைகோடு போட்டிருக்கிறேன். பிளக் அவர் கையில் தொங்கியது. அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். பெட்டி பாடிக்கொண்டிருந்தது. சத்தம் இறங்க இறங்கக் கிழிசல் அகலமாகியது. நீங்கள் தலையை நிமிர்த்தவில்லை. கட்டையை மெல்ல மெல்லக் கீழே இழுத்து, எடுத்த தொடரைக் கடைசி வரை வாசித்து முடித்தீர்கள். முடித்த பிறகுதான் பெட்டி நின்றது. அல்லது பெட்டி நின்றபோது சரியாக முடித்தீர்கள். எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதது பிடித்திருக்கிறது.

சிரிப்பு இல்லை அப்போது. ரேடியோ வெடித்தது என்றவர் உட்கார்ந்துவிட்டார். "ஒயர உருவியும் பாடுதுடா" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம்.

தப்பு என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. அது தப்புத்தான். இன்னொரு முறை கேட்கவேண்டும்போல் இருக்கிறது.

தைரியராஜ்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. பேருந்தில் வரும் வழியெல்லாம், பாலம் தாண்டும் வரை, அவரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போய்விட்டார்.

வெள்ளைச்சாமி


பாலக்கரை,
28-4-1965

வெள்ளைச்சாமி சார்,

அழகாக எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் ஒரு நிமிடம் கோபம்கூட மறந்துவிட்டது. பிறகு, இடப்பக்கச் சுவர் என்ற சொல்லுக்குத் திரும்பி வந்தேன்.

பிளக் இருந்த சுவர் அது. உங்கள் முழங்கைக்கு அருகில். மேடையில் இருந்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன், சார். அண்ணன் உங்கள் முன்னால் வந்து நின்றார். நீங்கள் விலகினீர்கள். அவர் குனிய வசதியாக ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்து வழிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எலி கடித்த காகிதம் வரை எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். அந்த ஒரு காலுக்கு இடமில்லை.

அவர் கையில் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் கையை நீட்டி வாங்கித் திரும்பச் செருகியிருக்கலாம். வால்வு சூடாகத்தானே இருந்தது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். மூன்று மாதமாகக் கேளுங்கள், கேளுங்கள் என்று கத்தினேன். கேட்டீர்கள். அதையும் தப்பான நேரத்தில் கேட்டீர்கள்.

பேருந்தில் அண்ணனைத் திட்டினீர்களாம். பேருந்தில் அவர் இல்லை.

நாற்காலி போய்விட்டது. "நாளையிலேர்ந்து வர வேணாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், வீட்டுக்குள்ள வாசி" என்றார். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அடைக்கலம் அண்ணன் டிரம் குச்சிகளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்து, ரயில்வே கேட்டில் பெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவரும் இனி அங்கே போகப்போவதில்லை என்று வீட்டு வாசலில்தான் சொன்னார். "எனக்கு முதுகுக்குப் பின்னாடி சத்தம் இல்லாம அடிக்க வரல பாப்பா."

நேற்றுச் சாயங்காலம் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். எண்ணெய்க் கை, காக்கிச் சட்டை. அம்மா கதவைப் பாதி திறந்து நின்றாள். "ஒயர உருவியும் பாடின பொண்ணு வீடு இதுதானுங்களா?" என்று கேட்டார்கள். சமையல் ஆட்களுக்கு ஒத்தாசையாகப் பின்பக்கம் நின்றவர்களாம். பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது இவர்களுக்கு எப்படியோ இருந்திருக்கிறது. ஒருவர் சொன்னார், "அது எங்க மிஷின் சத்தம் மாதிரி இருந்துச்சுங்க. ஆனா அழுவுற மிஷின்." அம்மா கதவை முழுதாகத் திறந்து காபி கொடுத்தாள். எனக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை மே தினம். ஒர்க்ஷாப் ஆட்கள் மைதானத்தில் மேடை போடுகிறார்கள். பேச்சு தொடங்கும் முன் நான் தனியாக வாசிக்கவேண்டும். டிரம்பெட் இல்லை. அடைக்கலம் அண்ணன் உண்டு. மைக், சலாம் பாய். பெட்டிக்கு முன்னால் அவரே கொண்டுவந்து வைப்பதாகச் சொல்லிவிட்டார். யாரும் கை காட்டமாட்டார்கள். அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பேச வருகிறவர்கள் பெரிய ஆட்கள். நேரமாகிவிட்டது, பாட்டை நிறுத்து என்று யாராவது ஒருவர் எழுந்து ஒயரைத் தேடிப் போவார். எந்த மேடையிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

பிளக் இருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு. நான் முடிக்கும் வரை அதிலிருந்து எழுந்திருக்கக்கூடாது. யார் வந்து குனிந்தாலும் காலை நகர்த்தக்கூடாது.

இருதயமேரி